குன்னூரிலிருந்து எந்தக் கடலுக்கு?

ஊட்டிக்கும் குன்னூருக்கும் வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "நீங்கல்லாம் லீவுக்கு எங்க போவீங்க?" கடலுக்குத்தான். வேறு எங்கே போவது? குளிரும் பச்சையும் எங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. என் ஐந்து வயது மகன் ஒரு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "கடல் தண்ணி ஜில்லுன்னு இருக்குமா?" அவன் இதுவரை தொட்ட தண்ணீரெல்லாம் ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது.

இந்தப் பொங்கல் விடுமுறைக்குக் கீழே இறங்கிக் கடல் பார்த்துவிட்டு வருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்த ஊர் என்பதில்தான் இழுபறி. போகிறவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள், இந்த மகன், அப்புறம் எழுபத்தெட்டு வயதாகும் என் அப்பாயி. பேச்சில் அடிபட்ட ஊர்களும் ஐந்து: கோழிக்கோடு, கன்னியாகுமரி, தூத்துக்குடி–திருச்செந்தூர் பக்கம், தரங்கம்பாடி, இராமேஸ்வரம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இந்த ஐந்துக்கும் நான் ஒரு தடவையாவது போயிருக்கிறேன். மலையிலிருந்து குடும்பத்தோடு கடலுக்குக் கிளம்ப நினைக்கிற யாருக்காவது உதவுமே என்றுதான் எங்கள் வீட்டுக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். கடற்கரை ஊருக்குப் போகத் திட்டமிடும்போது எல்லோரும் காலையையும் மாலையையும் நினைத்துக்கொள்கிறோம். சூரிய உதயம், அஸ்தமனம், மணலில் விளையாட்டு. மலைக்காரர்களைப் படுத்தி எடுப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆறு மணி நேரம். மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒரு மே மாதம் கன்னியாகுமரிக்குப் போனோம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறை. பகல் ஒரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது, குன்னூரில் பல வீடுகளில் கிடையாது. தலைக்கு மேலே ஒன்று சுற்றிச் சத்தம் போடுவதைப் பார்த்துக் குழந்தை பயந்து அழுதாள். ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டி அழுதாள். மறுநாள் உடம்பெல்லாம் வேர்க்குரு, சாயங்காலம் காய்ச்சல். கடலைப் பார்த்தது அரை மணி நேரம்கூட இருக்காது. மகளுக்கு அதில் எதுவும் நினைவில்லை என்பது ஒன்றுதான் நல்லது. அவளுக்கும் இந்தப் பயணம்தான் முதல் கடல்.

ஆகவே எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அங்கே என்ன செய்வது? அடுத்தது, நீச்சல் தெரியாத பிள்ளை பயமில்லாமல் காலை நனைக்க முடியுமா? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. இந்தக் குளிரில் எந்த ஓடையில் இறங்கிக் கற்றுக்கொள்வது? மூன்றாவது, அப்பாயியின் முழங்கால்.

எப்போது போவது என்பதற்கும் மலையில் தனிக் கணக்கு உண்டு. என் வீட்டுக்காரர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். ஏப்ரல், மே சீசனில் அவர் வீட்டில் சாப்பிடுவதே அபூர்வம். அந்த மாதங்கள் எங்களுக்கு இல்லை. போக முடிந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன், வெயில் ஒரு காரணம், மீன் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், நாட்டுப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். கடற்கரைக்குப் போய் ஐஸ் மீனைச் சாப்பிட்டுவிட்டு வருவதென்றால் குன்னூர் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஜூனில் மேற்குக் கரையில் பருவமழை பிடித்துக்கொள்ளும், கேரளத்திலும் ஜூலை 31 வரை தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை கிழக்குக் கரைக்கு மழையும் புயலும்.

மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரியும்தான். ஜனவரியில் எங்கள் ஊரில் காலை எழுந்தால் புல்லின் மேல் உப்புத் தூவின மாதிரி உறைபனி கிடக்கும். அதை விட்டு ஓடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் காலண்டரில் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகரவிளக்கு முடிகிறவரை கன்னியாகுமரியிலும் இராமேஸ்வரத்திலும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும். தை அமாவாசையன்று இராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூரிலும் அப்படித்தான், பாத யாத்திரைக்காரர்கள் சாலை முழுக்க நடந்து வருவார்கள்.

கோழிக்கோடு: ஒரே இரவில் போய் வர

நீலகிரிக்குப் பக்கத்துக் கடல் எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். கூடலூர்க்காரர்கள் யோசிக்க மாட்டார்கள். நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகப் போனால் கோழிக்கோடு. குன்னூரிலிருந்தே இருநூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குத் துணி எடுக்கவும் வைத்தியத்துக்கும் பழகிய ஊர் என்பதால் அதை யாரும் டூர் என்றே சொல்வதில்லை.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதன் நடுப்பகல். மிட்டாய்த் தெருவில் கடைகள் நெருக்கமாக இருக்கும், நிழலிலேயே நடந்துகொண்டிருக்கலாம். அல்வாவைக் கருங்கல் பலகை மாதிரி அடுக்கி வைத்து, கேட்கிற நிறத்தில் வெட்டித் தருவார்கள். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் உப்பிலிட்ட மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி. கண்ணாடி ஜாடிகளில் மிளகாயோடு ஊறிக்கொண்டிருக்கும். மலையிறங்கி வந்த வயிற்றுக்கு அந்தப் புளிப்பு எவ்வளவு இதமாக இருக்கும் என்பதைக் கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அரிசி மாவு அடைத்துப் பொரித்த கல்லுமக்காய் என்கிற கடல் சிப்பி என் வீட்டுக்காரருக்கு உயிர். பேப்பூரில் உரு என்கிற பெரிய மரக்கப்பல்களை இன்றும் கட்டுகிறார்கள். கொஞ்சம் வடக்கே காப்பாடு, 1498-இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கிய இடம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அதே ஊர்.

மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். ஜனவரியில் அங்கே கடலும் அமைதியாகவே இருக்கும். சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு, கையில் ஒரே இரவு என்றால் வேறு யோசனையே வேண்டாம், கோழிக்கோடுதான். எங்களுக்கு நான்கு நாள் இருக்கிறது. அப்பாயிக்கோ நாடுகாணி வளைவுகளை நினைத்தாலே தலை சுற்றுகிறது. அவரே சொல்லிவிட்டார்: "அது கடைக்குப் போற ஊரு. கடலுக்குப் போற ஊராச் சொல்லு."

கன்னியாகுமரி

பலருடைய முதல் தேர்வு இதுதான். கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருப்பதால் போவதும் சுலபம். உதயம், அஸ்தமனம் இரண்டும் ஒரே ஊரில். பாறை மேல் 1970-இல் திறந்த விவேகானந்தர் மண்டபம், பக்கத்துப் பாறையில் 2000-ஆம் ஆண்டு முதல் நிற்கிற 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம். பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்தில் நடந்து காலடியில் கடலைப் பார்ப்பது பெரிய சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த ஊரில் கடலைப் பார்க்கலாம், இறங்குவதற்கு இடம் குறைவு. பாறைகள், சுழித்து வரும் அலை. சுற்றுவட்டாரக் கடற்கரைகளிலும் கவனம் வேண்டும். கள்ளக்கடல் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்வார்கள்: எங்கோ தூரத்தில் வீசிய காற்றால் எழும்பி, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று கரையேறி வரும் பேரலை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது அந்த எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். கடலை அறியாத நம் போன்றவர்கள் எந்த ஊருக்குப் போனாலும், போகிற நாளில் கடல் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிட்டுத்தான் மணலில் இறங்க வேண்டும். உள்ளூர் மீனவர் ஒருவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால், வேண்டாம்தான்.

நடுப்பகலுக்கும் கன்னியாகுமரி எங்களுக்கு ஒத்துவரவில்லை. படகுக்கு வரிசையில் நிற்பதிலேயே அது போய்விடும். அப்பாயியால் நிற்க முடியாது. கல்லூரிப் பிள்ளைகளாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு நல்ல ஊர்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு

மேட்டுப்பாளையத்திலிருந்து கடலுக்கு நேராக ஒரு ரயில் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் பலருக்குத் தெரியாது. 2024-இல் தொடங்கிய தூத்துக்குடி–மேட்டுப்பாளையம் எக்ஸ்பிரஸ், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக வாரம் இரண்டு நாள் போகிறது. மலையடிவாரத்தில் இரவு ஏறிப் படுத்தால் விடிந்ததும் துறைமுகம். எந்த நாளில் ஓடுகிறது என்று பார்த்து லீவை அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டால் இதைவிட அலுப்பில்லாத வழி எந்தக் கடலுக்கும் இல்லை.

தூத்துக்குடியைச் சுற்றுலா ஊராக யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அதன் மேல் தனி அன்பு உண்டு. காரணம் உப்பளம். ஊரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் வரப்பு கட்டின பாத்திகள், ஓரத்தில் குவித்த வெள்ளை மேடுகள். நான் போனபோது ஒரு பாத்தியின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் உப்பு ஆடை மாதிரி படிந்திருக்கிறது. நீண்ட மரப்பலகையால் அதை மெல்ல இழுத்துக் கரையில் சேர்க்கிறார்கள். வெயில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் குத்துகிறது. அங்கே வேலை செய்கிற அம்மா ஒருவரிடம் நான் குன்னூர், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் என்றேன். "நீங்க மழையில நனையிறீங்க, நாங்க வெயில்ல காயிறோம்" என்றார். என் அம்மா அட்டைக்கடியோடு கொழுந்து கிள்ளிய நாட்களெல்லாம் அந்த இடத்தில் நினைவுக்கு வந்தன. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்று ஆசை. வீட்டில் தேயிலையும் உப்பும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன. ஒன்று எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குத் தெரியும், மற்றது தெரியாது. உப்பு எடுப்பு மழை விட்ட பிறகு, பிப்ரவரி வாக்கில்தான் சூடு பிடிக்கும் என்பதால் பொங்கலுக்குப் போனால் பாத்தி கட்டுகிற வேலையைத்தான் பார்க்கலாம்.

முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற மக்ரூன், இரவானால் பரோட்டா. அப்புறம் பனிமய மாதா பேராலயம், 1713-இல் கட்டியது. தமிழ்நாட்டிலேயே வெயில் காய்கிற ஊர்களில் ஒன்றில் பனியின் பெயரில் ஒரு மாதா. உறைபனியிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெயரை வாசலில் படித்தபோது மனம் நிறைந்துபோனது.

அங்கிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். முருகனுக்குக் கடலோரத்திலேயே வீடு. அலைக்கு இவ்வளவு பக்கத்தில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர். மணப்பாட்டுக்குப் போகிற வழியில் உடன்குடி, கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கும் கிடைக்கும். மணப்பாட்டில் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அந்தக் குன்றிலிருந்து பார்த்தால் கடல் மூன்று பக்கமும் தெரியும். உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு நாங்கள் போகப்போகிற ஊர் இதுதான். இப்போது தடுப்பது ஒன்றே: பார்க்க வேண்டிய இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வண்டி பிடித்து வெயிலில் ஏறி இறங்க வேண்டும். திருச்செந்தூர்க் கடலில் ஆழமும் அலையும் அதிகம், சின்னப் பிள்ளையைக் கையை விட முடியாது.

தரங்கம்பாடி பற்றி இரண்டு வார்த்தை. அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஐந்தில் அதுதான் முதல். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, சீகன்பால்கு என்கிற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் வந்து இறங்கி, பிறகு தமிழ் அச்சகம் வைத்து நடத்திய தெரு, கடல் அரித்துக்கொண்டே வந்தும் அலையோரத்தில் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்குப் பகல் ரயில் இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் வரலாறு பிடித்தவர்களுக்கும் இதைத்தான் நான் சொல்வேன். ஐந்து வயதுப் பையன் கோட்டையை அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு "அடுத்து என்ன?" என்பான்.

இராமேஸ்வரம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். இராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலையில்லாத வடக்கைப் பெண் கடல் என்றும், சீறுகிற தெற்கை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் குணம் காற்றோடு மாறும் என்பது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற கோடையில் தெற்குக் கடல் பொங்கும், வடக்கு குளம் மாதிரி கிடக்கும். வாடை வீசுகிற மார்கழி, தையில் வடக்குக் கடலிலும் சிற்றலை எழும்பும், தெற்கு அடங்கியிருக்கும். ஆக, எந்த மாதம் போனாலும் இரண்டில் ஒரு கடல் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும். மற்ற நான்கு ஊர்களிலும் இந்த வசதி இல்லை. எங்கே இறக்கலாம் என்று அன்றைக்கு அன்றைக்கு உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அக்னி தீர்த்தம் அலையில்லாத இடம்தான், அப்பாயி முழுக்குப் போட வசதிதான். ஆனால் நீராடுகிறவர்கள் ஈரத்துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், காலில் சுற்றுகிறது. பிள்ளைகளை விளையாட விட வேண்டுமானால் மண்டபம் என்ற ஊருக்கு முன்னாலேயே அரியமான் கடற்கரைக்குப் போய்விடலாம். சவுக்குத் தோப்பு நிழல், வெகுதூரம் போனாலும் முழங்கால் ஆழம். தோப்பில் பாயை விரித்துப் போட்டால் நடுப்பகலும் கழிந்துவிடும். தனுஷ்கோடியைத் தாண்டித் தீவு முடிகிற அரிச்சல்முனையில் மட்டும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு கடலும் மோதுகிற இடம், அடியில் இழுப்பு அதிகம். பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்து நடுப்பகல். கோயில் பிரகாரம் இருக்கிறதே, அதற்கு ஈடு எந்தக் கடற்கரை ஊரிலும் கிடையாது. மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். வெளியே மணல் கொதிக்கும்போது உள்ளே கல்தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் 22 தீர்த்தம் ஆடிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, பத்து மணிக்கு மேல் பிரகாரத்தில் நடக்கலாம். தூண்களை எண்ணிக்கொண்டு வா என்று மகளிடம் சொல்லிவிட்டால் போதும். பகல் ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் சாப்பாடு, லாட்ஜில் ஒரு தூக்கம். மூன்றரைக்குக் கிளம்பினால் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். லாட்ஜில் அறை கேட்கும்போது நான் முதலில் கேட்பது இனிமேல் ஏசி இருக்கிறதா என்பதல்ல, மாடிக்கு நேர் கீழே இல்லாத அறையா என்பதுதான்.

மூன்றாவது, பாம்பன். எங்கள் பிள்ளைகள் பல்சக்கரம் போட்டு மலையேறுகிற ரயிலை அன்றாடம் பார்க்கிறவர்கள். அந்த ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல். பதினைந்து வருடம் கழித்து, 1914-இல் கடலுக்கு நடுவே பாம்பன் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் இயக்கி, கதவு மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறுகிறது. மதுரையிலிருந்து காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கடக்க வேண்டும். சாலைப் பாலத்தில் பஸ்ஸில் போனாலும் கடல் தெரியும்தான், ஆனால் ரயிலில் தண்டவாளத்துக்குக் கீழே நேராகத் தண்ணீர் தெரியும்.

தனுஷ்கோடிக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் ஒதுங்க மரமே கிடையாது, சாயங்காலம் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கல் நீரில் பூநாரைகள் நிற்கும். நான் முன்பு போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாக ஆண்களும் பெண்களும், ஈரக் கயிற்றைத் தோளில் போட்டு, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் வலையின் மடி கரையேறியபோது உள்ளே இருந்தது ஒரு கூடை காரலும் கொஞ்சம் நெத்திலியும்தான். ஒவ்வொரு காரலும் புது எட்டணாக் காசு மாதிரி மினுங்கித் துடித்தது. இவ்வளவு பேருக்கு இவ்வளவுதானா என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் எதுவும் சொல்லாமல் மறுபடி வலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பசுந்தேயிலை விலை விழுந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் மூட்டையைத் திருப்பிக் கட்டுவதும் இப்படித்தான் இருக்கும். அந்த ஊர்க் கொட்டகைகளில் பொரித்துத் தருகிற மீனை நாங்கள் பேரம் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டோம். பிள்ளைகளையும் அப்படியே பழக்கப்போகிறேன்.

மீனைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. கோயிலைச் சுற்றி சைவச் சாப்பாடுதான் அதிகம். மீன் சாப்பிட வேண்டுமென்றால் பாம்பன் பக்கமோ தனுஷ்கோடியோ போக வேண்டும். சாப்பாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கோழிக்கோடும் தூத்துக்குடியும் இராமேஸ்வரத்தைத் தோற்கடித்துவிடும். தூரமும் கொஞ்சநஞ்சமல்ல: குன்னூரிலிருந்து கோவை, மதுரை வழியாக நானூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மதுரையில் என் நாத்தனார் வீடு இருப்பதால் ஒரு இரவை அங்கே வைத்துக்கொள்கிறோம். கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. வத்தலகுண்டு இறங்கினால் மதுரை பக்கம், அவர்களுக்கு இராமேஸ்வரமும் கைக்கெட்டும் கடல்தான்.

இவ்வளவு கணக்குப் போட்டும், முடிவை எடுத்தது அப்பாயிதான்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருடம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. துறைமுகம், ரயில் நிலையம், பயணிகளோடு ஒரு ரயில், எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேஸ்வரத்தில்தான் ஆட்களை இறக்கியது. எழுபதுகளில் அப்படி வந்து இறங்கியவர்களில் என் அப்பாயியும் ஒருவர். கையில் ஒரு தகரப்பெட்டி, இடுப்பில் என் அப்பா. மண்டபம் முகாமில் பதிவு முடிந்து, ரயிலேறி, மலையேறி, டேன் டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். ஒரு தேயிலை மலையிலிருந்து இன்னொரு தேயிலை மலைக்கு வந்த வாழ்க்கையில் நடுவில் ஒரே ஒரு தடவை கடல். அதற்குப் பிறகு அவர் கடலைப் பார்த்ததே இல்லை. நாங்கள் கோழிக்கோடா, கன்னியாகுமரியா என்று மாதக் கணக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோழிக்கோட்டை வேண்டாம் என்றதைத் தவிர, தனக்கு எது வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் மகள்தான் அவரிடம் போய்க் கேட்டாள், "பாட்டி, உங்களுக்கு எந்தக் கடல் வேணும்?" என்று.

"நான் எறங்கின கடல்" என்றார்.

தை அமாவாசைத் தேதியைத் தவிர்த்து, மதுரையிலிருந்து காலை ரயிலுக்குக் கணக்குப் போட்டாயிற்று. திரும்பும் பயணத்தில் அரியமானில் ஒரு பகல். துணிகளைக் குறைத்து எடுத்துக்கொள்கிறோம். குன்னூரில் மூன்று நாள் காய்கிற சட்டை அங்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே மூடி வைத்த காலி தண்ணீர்ப் பாட்டில் மேட்டுப்பாளையம் போவதற்குள் யாரோ கசக்கின மாதிரி ஒடுங்கிவிடும் என்று சொன்னதற்கு மகன் நம்பவில்லை. அவனே ஒன்றை மூடி எடுத்து வைத்திருக்கிறான்.

அப்பாயி தன் பையில் அரைக் கிலோ தேயிலைத்தூள் கட்டி வைத்திருக்கிறார், யாருக்கென்று கேட்டதற்குப் பதில் இல்லை. நேற்று இரவு படுக்கப் போகும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார், மண்டபத்தில் ரயில் நிற்குமா என்று. நிற்கும் அப்பாயி, இறங்கிப் பார்த்துவிட்டே போவோம் என்றேன்.